உங்கள் தொடையைக் கொஞ்சம் காட்டுங்கள்

முழங்காலுக்குள் வைக்கப்போகிற பிளாஸ்டிக் துண்டைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூட வேண்டும். வேலை அவ்வளவுதான். நிலாவுக்கு ராக்கெட் விடச் சொல்லவில்லை, புற்றுநோய்க்கு மருந்து கேட்கவில்லை. பையின் அடுக்குகளில் ஒன்றாக எத்திலீன் வினைல் ஆல்கஹால் என்ற மெல்லிய படலம் இருக்க வேண்டும். அதுதான் ஆக்சிஜனை வாசலிலேயே நிறுத்தும். ஃபுளோரிடா மாநிலத்தில் கெய்ன்ஸ்வில் என்ற ஊரில் எக்ஸாக்டெக் என்றொரு நிறுவனம் இருக்கிறது. அது 2004-லிருந்து தயாரித்த முழங்கால், கணுக்கால் துண்டுகளில் பெரும்பாலானவை அந்தப் படலம் இல்லாத பைகளில் போடப்பட்டுத்தான் ஆஸ்பத்திரிகளுக்குப் போயின. இதைச் சொன்னது எதிர்க்கட்சி அல்ல, போட்டிக் கம்பெனி அல்ல. 2022 பிப்ரவரியில் அந்த நிறுவனமே டாக்டர்களுக்கு எழுதிய கடிதம் சொன்னது. பை விவரக்குறிப்புக்குப் பொருந்தவில்லையாம். எவ்வளவு நாகரிகமான தமிழாக்கத்தில் சொன்னாலும் பொருள் ஒன்றுதான்: தப்பான பை.

2004-ல் பிறந்த குழந்தை பிளஸ் டூ பரீட்சை எழுதும் வயதுக்கு வரும்வரை தப்பான பை. அத்தனை ஆண்டும் அங்கே தரக் கட்டுப்பாட்டுத் துறை இருந்திருக்கும், அதற்கு ஒரு தலைவர் இருந்திருப்பார், ஆண்டுக்கொரு முறை கேக் வெட்டி 'தர வாரம்' கொண்டாடியிருப்பார்கள். பையைக் கையில் எடுத்து 'இதில் அந்தப் படலம் இருக்கிறதா?' என்று கேட்க ஓர் ஆளுக்குத்தான் நேரம் இல்லை. அமெரிக்காவில் மட்டும் 1,40,000-க்கும் மேற்பட்ட துண்டுகள். எண்ணிக்கையாகச் சொன்னால் கிடங்குக் கணக்கு மாதிரி இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒருவர் படியேறும் கால்.

படலம் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப் போய்விடும் என்று கேட்பவர்களுக்காக: செயற்கை முழங்காலில் தொடை எலும்பின் முனைக்கு ஓர் உலோகத் தொப்பி, கீழ்க்கால் எலும்பின் தலைக்கு ஓர் உலோகத் தட்டு. இரண்டும் நேரடியாக உரசாமல் இருக்க நடுவில் பாலிஎத்திலீன் துண்டு. மார்க்கெட்டில் காய்கறி போட்டுத் தரும் கேரி பேக்கின் பங்காளிதான். ஆனால் இதன் மூலக்கூறுச் சங்கிலி மிக மிக நீளம், மூலக்கூறு எடை பத்து லட்சங்களில் போகும். அந்த நீளம்தான் அதன் உறுதி. கிருமி நீக்குவதற்காக அதன்மேல் காமா கதிர் பாய்ச்சுவார்கள். கதிர் கிருமியைக் கொல்லும்; கூடவே சங்கிலியின் சில கண்ணிகளையும் உடைத்துவிட்டுப் போகும். உடைந்த முனை சும்மா இருக்காது. ஆக்சிஜன் கிடைத்தால் கைகோக்கும், கோத்த இடத்தில் சங்கிலி மேலும் அறும். யாரும் தொடாமல், யாரும் நடக்காமல், கிடங்கு அலமாரியில் படுத்த படுக்கையாகவே அந்தத் துண்டு கிழடு தட்டிவிடும். வெளியே பார்த்தால் பளபளப்பு குறையாது. குறுக்காக அறுத்துப் பார்த்தால் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். அங்கேதான் அது உதிரத் தொடங்கும்.

இந்த ரசாயனம் 2022-ல் கண்டுபிடிக்கப்பட்ட அதிசயம் அல்ல. காற்றில் வைத்துக் கதிர் பாய்ச்சிய பாலிஎத்திலீன் அலமாரியிலேயே கெடுகிறது என்று 1990-களின் நடுவிலேயே துறை முழுவதற்கும் தெரியும். அதனால்தான் நைட்ரஜன், ஆர்கான், வெற்றிடப் பை என்று ஒவ்வொரு நிறுவனமாக மாறியது. ஆக, தப்பான பை தொடங்கிய 2004-ல் அந்தப் பாடம் பத்து வயதுப் பாடம். படித்து மறந்தார்களா, படிக்கவே இல்லையா என்பதை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

உடம்புக்குள் போன பிறகு நடப்பது இன்னும் அழகு. உதிரும் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு, மைக்ரானுக்கும் கீழே. உடம்பின் காவல்காரச் செல்கள் அவற்றைக் கிருமி என்று நினைத்து விழுங்கும். செரிக்க முடியாது. செரிக்க முடியாத ஆத்திரத்தில் அவை கக்கும் ரசாயனங்கள் எலும்பு தின்னும் செல்களைத் தட்டி எழுப்பும். அவை வந்து மூட்டைப் பிடித்திருக்கும் எலும்பையே கரைக்கும். மூட்டு ஆடும். வலிக்கும். மறுபடி கத்தி. முதல் ஆபரேஷனைவிட இரண்டாவது கஷ்டம், ஏனென்றால் பிடித்து நிற்கப் பழைய எலும்பு இருக்காது. இப்படி எலும்பு கரைவதைப் பல ஆண்டுகள் டாக்டர்கள் 'சிமென்ட் நோய்' என்று அழைத்தார்கள். மூட்டைப் பதிக்கும் அக்ரிலிக் சிமென்ட்தான் குற்றவாளி என்று நம்பி, சிமென்டே இல்லாத மூட்டுகளைச் செய்தார்கள். எலும்பு அதிலும் கரைந்தது. குற்றவாளி பிளாஸ்டிக் தூள். அது அதுவரை சாட்சிக் கூண்டில்கூட ஏற்றப்படவில்லை.

சரி, இதற்கு மருந்தே இல்லையா? இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். கதிரின் அளவைக் கூட்டிச் சங்கிலிகளை ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைத்தால் தேய்மானம் வெகுவாகக் குறைகிறது. பிறகு சூடாக்கினால் மிச்சமுள்ள உடைந்த முனைகள் அடங்குகின்றன. 1990-களின் இறுதியிலிருந்து இந்த வகை இடுப்பு மூட்டுகள் புழக்கத்தில் உள்ளன; பல நாட்டுப் பதிவேடுகள் அவற்றுக்கு நல்ல சான்று தருகின்றன. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஆய்வாளர்கள் அதற்கும் மேலே போய் பிளாஸ்டிக்கில் வைட்டமின் ஈ ஊற வைத்தார்கள். மெடிக்கல் ஷாப்பில் பச்சை மாத்திரையாகக் கிடைக்கிறதே, அதே வைட்டமின்தான். ஆக்சிஜன் சங்கிலியைத் தொடுமுன் அது குறுக்கே விழுந்து அடி வாங்கிக்கொள்ளும். 2007 முதல் நோயாளிகளுக்கு அது வைக்கப்படுகிறது. பிளாஸ்டிக்கை நீண்ட நாள் உழைக்க வைக்கும் வித்தை மனிதகுலத்துக்குத் தெரியும். தெரியாதது அந்த வித்தையைப் பையில் போட்டு மூடும் வித்தை.

எக்ஸாக்டெக்கை 1985-ல் தொடங்கியவர்களில் ஓர் எலும்பு டாக்டரும் உண்டு. 2018-ல் டிபிஜி என்ற முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. அந்த நிறுவனத்தின் ஒரு முழங்கால் மாடல் எதிர்பார்த்ததைவிட அதிகமாக மறு ஆபரேஷனுக்குப் போகிறது என்று ஆஸ்திரேலியாவின் பதிவேடு, கடிதம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே குறித்து வைத்திருந்தது. கங்காரு நாட்டுக்குத் தெரிந்தது கெய்ன்ஸ்வில்லுக்கு எட்டவில்லை. கடல் கடந்து சேதி போக நேரமாகும் பாருங்கள். வழக்குகள் இரண்டாயிரத்தைத் தாண்டின. 2024 அக்டோபரில் நிறுவனம் திவால் நோட்டீஸ் கொடுத்தது. துண்டு வைத்துக்கொண்டவர்களுக்குத் திவால் ஆகும் வசதி கிடையாது. அவர்கள் கால் அவர்களிடமேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜான் சார்ன்லி. இங்கிலாந்தில் லங்காஷயரில் ரைட்டிங்டன் மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர். இன்றைய இடுப்பு மூட்டு மாற்றுக்குத் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். தந்தை முதலில் செய்தது பெருந்தவறு. 1950-களின் இறுதியில் டெஃப்லான் கிண்ணம் வைத்து சுமார் 300 பேருக்கு ஆபரேஷன் செய்தார். தோசைக்கல்லில் ஒட்டாத அந்த வழுக்கல் இடுப்பிலும் வழுக்கும் என்று நம்பினார். வழுக்கியது, இரண்டு மூன்று ஆண்டுகளில் தேய்ந்து கூழாகவும் போனது. சுற்றிலும் கட்டி. கிண்ணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சார்ன்லி பத்திரிகைக் குறிப்பு வெளியிடவில்லை, வக்கீல் வைக்கவில்லை, 'நோயாளிகளின் எடை அதிகம்' என்று பழி போடவில்லை. டெஃப்லான் தூளையும் பாலிஎத்திலீன் தூளையும் எடுத்துத் தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டார். சில மாதம் கழித்துத் தொட்டுப் பார்த்தார். டெஃப்லான் இருந்த இடம் வீங்கிக் கட்டியாகியிருந்தது. பாலிஎத்திலீன் இருந்த இடத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. 1963-ல் 'லான்செட்' இதழில் அதை எழுதினார்.

அந்தப் பாலிஎத்திலீன் அவர் கைக்கு வந்ததும் சுவையான கதை. 1962-ல் ஒரு விற்பனையாளர், நெசவாலைத் தறிகளின் பல்சக்கரத்துக்குப் பயன்படும் பிளாஸ்டிக் என்று ஒரு துண்டை ரைட்டிங்டன் பட்டறைக்குக் கொண்டுவந்தார். சார்ன்லி கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்து, வேலைக்கு ஆகாது என்று போய்விட்டார். பட்டறைத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் அதைத் தேய்மான எந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும் அது தேய்ந்தது டெஃப்லான் ஒரே நாளில் தேய்வதைவிடக் குறைவு. சார்ன்லி வந்து பார்த்தார். முதலாளி அகந்தையை மடித்து வைத்தார். அந்த நவம்பரிலேயே பாலிஎத்திலீனுக்கு மாறினார். அதோடு நிற்கவில்லை. தன்னிடம் பயிற்சி எடுக்காத டாக்டர்களுக்கு அந்த மூட்டை விற்கக்கூடாது என்று தயாரிப்பாளரிடம் ஆண்டுக் கணக்கில் கறாராக இருந்தார். நோயாளிகளிடம், நீங்கள் காலமான பிறகு அந்த மூட்டை எனக்குத் திருப்பித் தர வேண்டும், எவ்வளவு தேய்ந்தது என்று பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கினார்.

இப்படி ஒரு மனிதர் இன்றைக்கு ஒரு நிறுவனத்தில் வேலைக்கு மனுப் போட்டால், 'வணிக நோக்குக் குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடுவார்கள்.

இன்றைய வணிக நோக்கு எப்படி இருக்கும் என்பதற்கு அடுத்த பிளாஸ்டிக்குக்கு வருவோம். பாலிப்ரோப்பிலீன். பிரசவங்களுக்குப் பின் கர்ப்பப்பை இறங்கிய பெண்களுக்கும், இருமினால் சிறுநீர் கசியும் பெண்களுக்கும் தாங்கியாக இந்தப் பிளாஸ்டிக்கில் பின்னிய வலையை உள்ளே வைத்தார்கள். லட்சக்கணக்கில் வைத்தார்கள். பலருக்கு வலை சதையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது. உட்கார முடியவில்லை, கணவனோடு சேர முடியவில்லை. அதை வெளியே சொல்லவும் முடியவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008-ல் இந்தச் சிக்கல்கள் அரிது என்று அறிவித்தது. 2011-ல் அரிது அல்ல என்று அறிவித்தது. நடுவிலே மூன்று ஆண்டு. 2019 ஏப்ரலில், கர்ப்பப்பை இறக்கத்துக்காகப் பெண்ணுறுப்பு வழியே வைக்கும் வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. அரிதாக ஆரம்பித்து, அரிதல்லாமல் போய், கடைசியில் விற்பனையே நிற்க 11 ஆண்டு.

மூலப்பொருள் விற்றவர்களின் நேர்மை தனி ரகம். இந்த வலைகள் சிலவற்றுக்குப் பிசின் தந்தது செவ்ரான் ஃபிலிப்ஸின் கூட்டு நிறுவனம் ஒன்று. அதன் பாதுகாப்புத் தாளிலேயே, மனித உடலுக்குள் நிரந்தரமாகப் பதிக்கும் மருத்துவப் பொருள்களுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். உள்ளாடை எலாஸ்டிக்கின் துவைக்கும் குறிப்பைக்கூட நாம் படிக்கிறோம். சி.ஆர்.பார்டு நிறுவனக் குழுமத்தில் இந்தத் தாளைப் படித்தார்கள், புரிந்துகொண்டார்கள். படித்துவிட்டுச் செய்த வேலை: இதை உடம்புக்குள் வைக்கிறோம் என்று பிசின் தயாரிப்பவரிடம் வாய் திறக்க வேண்டாம் என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். அந்த மின்னஞ்சல் வழக்கில் வெளியே வந்தது. 2013-ல் மேற்கு வர்ஜீனியாவில் ஜூரி ஒரு பெண்ணுக்கு 20 லட்சம் டாலர் தீர்ப்பளித்தது; அதில் பெரும்பகுதி தண்டனையாக. கடையில் போய் எலி மருந்து வாங்குகிறவன்கூட எதற்கு என்று கேட்டால் எலிக்கு என்று சொல்வான்.

பாஸ்டன் சயன்டிஃபிக் நிறுவனத்துக்கு இதே பிசினைத் தர மறுத்துவிட்டார்கள். அது சீனாவில் போய் வாங்கியது. வாங்கியது போலிச் சரக்கு என்று குற்றச்சாட்டு வந்தபோது, சோதித்தோம், ஒத்துப்போகிறது என்று நிறுவனம் பதில் சொன்னது. இருக்கலாம். ஆனால் மூட்டை மாறியதா, முத்திரை மாறியதா என்று விவாதிக்க வேண்டிய இடத்துக்கு ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் போகும் பொருள் எப்படி வந்து சேர்ந்தது? 2021-ல் அந்த நிறுவனம் 47 மாநிலங்களோடும் தலைநகர்ப் பகுதியோடும் சுமார் 18.9 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அமெரிக்காவில் ஒரு தவறுக்கு விலை பேசி முடித்துவிட்டால் அது செலவுக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.

நீதிமன்றங்களில் நடந்த ஒரு வாதத்தை இங்கே குறிப்பிடாமல் விட மனசு வரவில்லை. உடம்பிலிருந்து எடுத்த வலைகளை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்த ஆய்வாளர்கள் அதன் மேலே வெடிப்பு வெடிப்பாக இருப்பதைக் கண்டார்கள்; உடம்புக்குள் பிளாஸ்டிக் ஆக்சிஜனேற்றத்தால் சிதைகிறது என்றார்கள். நிறுவனத் தரப்பு நிபுணர்கள் எழுந்தார்கள்: வெடித்தது பிளாஸ்டிக் இல்லை, அதன்மேல் ஒட்டிக் காய்ந்த நோயாளியின் புரதம்தான். அதாவது, அம்மா, எங்கள் சரக்கு பழுதில்லை. உங்கள் உடம்புதான் பழுது.

இத்தனை சரக்கும் கடைக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அனுமதியோடுதான். 1976-ல் அமெரிக்கா மருத்துவக் கருவிகளுக்குச் சட்டம் செய்தபோது 510-கே என்று ஒரு சந்து வைத்தது. புதிய கருவி பாதுகாப்பானது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டாம். ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் ஒரு கருவிக்கு இது ஏறக்குறைய ஒத்தது என்று காட்டினால் போதும். நம்மூர்க் கல்யாணத் தரகர் செய்வதைத்தான் வாஷிங்டனில் அரசாங்க முத்திரையோடு செய்கிறார்கள்: பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால், 'அவங்க அப்பா பெரிய மனுஷர்' என்பார், அப்பா என்ன செய்தார் என்றால், 'அவங்க தாத்தா சர்க்கார் உத்தியோகம்' என்பார். 1998-ல் ஜான்சன் அண்ட் ஜான்சனின் வலைநாடா ஒன்று, பாஸ்டன் சயன்டிஃபிக்கின் புரோட்டேஜென் என்ற வலையை அப்பாவாகக் காட்டி உள்ளே வந்தது. 1999 ஜனவரியில் சிக்கல்கள் பெருகி அப்பாவைக் கடையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பிள்ளை கடையிலேயே இருந்தது. பிள்ளையைக் காட்டி அதன் பிள்ளைகள் வந்தன. பேரன்களைக் காட்டிக் கொள்ளுப் பேரன்கள். அப்பா ஊரைவிட்டு ஓடிய சேதி குடும்பத்தில் யாருக்கும் மரியாதைக் குறைவாகப் படவில்லை.

2011-ல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவகம், எஃப்டிஏயே கேட்டதன் பேரில் இந்த முறையை ஆராய்ந்தது. இது பாதுகாப்பை மதிப்பிடும் முறையே அல்ல, சரிசெய்யவும் முடியாது, மாற்றுங்கள் என்று சொன்னது. கேட்டு வாங்கிய அறிக்கையை எஃப்டிஏ மரியாதையாக வாங்கிப் பத்திரமாக வைத்தது. சந்து இன்றும் திறந்தே இருக்கிறது.

ஐரோப்பா இதைவிடக் கறாராக இருக்கும் என்று நினைப்பவர்கள் ஆரஞ்சு வாங்கும்போது யோசியுங்கள். அங்கே அரசாங்கம் நேரடியாகச் சோதிப்பதில்லை. பணம் வாங்கிக்கொண்டு சான்று தரும் தனியார் அமைப்புகள் சோதிக்கும். 2014-ல் யெட் ஸ்கவ்டன் என்ற டச்சுத் தொலைக்காட்சி நிருபர், கடையில் கமலா ஆரஞ்சு போட்டு விற்கிற வலைப்பையைப் பெண்களுக்கான வலை என்று சொல்லி, போலி ஆவணங்களோடு அந்த அமைப்புகளிடம் போனார். துரத்தி அடிப்பார்கள் என்று பார்த்தால், அனுமதி கிடைப்பதற்குப் பெரிய தடை தெரியவில்லை என்ற பாணியில் பதில் வந்தது. ஆரஞ்சுப் பை! அந்தச் சிறு தூண்டிலில் தொடங்கியதுதான் 2018 நவம்பரில் உலகப் பத்திரிகையாளர்கள் சேர்ந்து வெளியிட்ட 'இம்ப்ளான்ட் ஃபைல்ஸ்'. தொழிற்சாலைத் தர மலிவுக் கூழை மார்பக இம்ப்ளான்டில் அடைத்து ஆண்டுக் கணக்கில் விற்ற பிரெஞ்சு நிறுவனம் பிஐபியின் கதை அதற்கு முன்பே வெளியாகிவிட்டது. அதன் நிறுவனர் ஜான்-குளோட் மாஸ், சோதனைக்கு ஆட்கள் வரும் தேதி முன்கூட்டியே தெரியும் என்பதால் தயாராக இருப்போம் என்று போலீசில் கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டார். 2013-ல் அவருக்கு நான்கு ஆண்டு சிறை. கூழில் நடந்த மோசடி பிளாஸ்டிக்குக்கும் சேர்த்து ஒரு கறாரான சட்டத்தை ஐரோப்பாவில் கொண்டுவந்தது. 2017-ல் இயற்றினார்கள். 2020-ல் நடைமுறை என்றார்கள். 2021-க்குத் தள்ளினார்கள். 2023-ல், பழைய சான்றிதழ் வைத்திருப்பவர்கள் 2027, 2028 வரை அதையே வைத்துக்கொள்ளலாம் என்று மறுபடி தள்ளினார்கள். காரணம்: திடீரென்று கறாராக இருந்தால் ஆஸ்பத்திரிகளில் சரக்குத் தட்டுப்பாடு வந்துவிடுமாம். ஆரஞ்சுக்குத் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமைதானே.

நம் நாட்டுக்கு வருவோம். 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு முழங்கால் மூட்டுக்கு விலை உச்சவரம்பு போட்டது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த சாதாரண கோபால்ட் குரோமிய மூட்டுக்கு ரூ.54,720, ஜிஎஸ்டி தனி. நல்ல காரியம், கைதட்டியே ஆக வேண்டும். டிவியில் விவாதம் நடந்தது, தலையங்கம் வந்தது, விலை, லாபம், இறக்குமதி, கமிஷன் எல்லாம் பேசினார்கள். நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் எந்த ரகம், எத்தனை வருஷம் உழைக்கும், எந்தத் தேதியில் பையில் போட்டது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஸ்வீடன் 1975-லிருந்து ஒவ்வொரு செயற்கை முழங்காலையும் பதிவேட்டில் எழுதி வருகிறது. நம்மிடம் இருப்பது விருப்பமுள்ள டாக்டர்கள் தாமாக முன்வந்து எழுதும் பதிவேடு. விருப்பமில்லாதவர் எழுதாவிட்டால் அவரை யாரும் கேட்கப் போவதில்லை.

கேட்காததன் பலன் ஒரு முறை வந்து கன்னத்தில் அறைந்துவிட்டுப் போயிருக்கிறது. பிளாஸ்டிக் தேய்கிறது என்பதால் பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டைச் செய்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டெப்யூ ஏஎஸ்ஆர் அப்படி ஒன்று. 2010-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன். மத்திய அரசின் நிபுணர் குழு தேடியபோது அவர்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஆதார் கார்டுக்குக் கருவிழி ரேகை வாங்கும் நாடு. கேஸ் சிலிண்டர் எந்த வீட்டுக்குப் போனது என்று நிமிஷத்தில் சொல்லும் நாடு. இடுப்புக்குள் விஷ உலோகம் கசியும் மூவாயிரம் பேர் மட்டும் காணாமல் போய்விட்டார்கள்.

திட்டுவதோடு நிற்கக்கூடாது, யோசனையும் சொல்ல வேண்டும் என்பார்கள். ஒரு மசோதாவே எழுதி வைத்திருக்கிறேன். பெயர் 'சார்ன்லி சட்டம்'. எந்த நிறுவனம் மனித உடம்புக்குள் பிளாஸ்டிக் வைக்க விரும்புகிறதோ அதன் தலைமை நிர்வாக அதிகாரி அதே லாட்டிலிருந்து, அதே பையிலிருந்து, கிடங்கில் எட்டு ஆண்டு கிடந்த துண்டாகப் பார்த்து எடுத்துத் தன் தொடையில் பதித்துக்கொள்ள வேண்டும். புதுச் சரக்கு செல்லாது. தரக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு இடது தொடை, நிதி அதிகாரிக்கு வலது தொடை. சான்று தரும் அமைப்பின் இயக்குநர் சான்றில் கையெழுத்துப் போடும் அன்றே அதே கையால் தையலும் போட்டுக்கொள்ள வேண்டும். வலை செய்யும் நிறுவனமென்றால் எங்கே பதிப்பது என்பதை பாதிக்கப்பட்ட பெண்களின் சங்கம் முடிவு செய்யும், மேல்முறையீடு கிடையாது. கம்பெனியை முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றால் தொடையில் உள்ளது விற்பனையில் சேராது. வாங்குபவர் புதிதாகப் பதித்துக்கொள்ள வேண்டும். திவால் நோட்டீஸ் கொடுத்தாலும் துண்டு அங்கேயே இருக்கும். வெடிப்பு வந்தால், அது பிளாஸ்டிக்கின் வெடிப்பல்ல, உங்கள் புரதத்தின் வெடிப்பு என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு.

இந்தச் சட்டம் வந்தால் பையில் படலம் இருக்கிறதா என்று பார்க்க ஆள் கிடைப்பார்கள். அன்றைக்கே கிடைப்பார்கள், மதிய சாப்பாட்டுக்கு முன்னால் கிடைப்பார்கள். ஆனால் நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சியும் இதைக் கொண்டுவரப் போவதில்லை என்பதால், அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது.

உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ மூட்டு மாற்று ஆபரேஷன் என்றால், இம்ப்ளான்ட் பெட்டியோடு ஸ்டிக்கர்கள் வரும். நிறுவனம், மாடல், லாட் நம்பர், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். ஒன்றை கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். இன்னொன்றை உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பழைய ரகமா, குறுக்குப் பிணைப்புள்ளதா, வைட்டமின் ஈ உள்ளதா என்று டாக்டரிடம் ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். 'அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு' என்றால், எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ஏற்கெனவே ஆபரேஷன் முடிந்தவர்கள் ஆஸ்பத்திரி பழைய கோப்புகளைத் தூக்கிப் போடுவதற்குள் போய் நகல் வாங்கிவிடுங்கள். நாளைக்கு ஒரு கம்பெனி தப்பான பை என்று கடிதம் போட்டால், அது உங்கள் காலைப் பற்றியதா இல்லையா என்பதைச் சொல்ல அந்த ஒரு துண்டுத் தாள்தான் சாட்சி. பில்லில் அந்தப் பெட்டிக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருக்கிறீர்கள், ஸ்டிக்கர் உங்களுடையது.